ஒரு அசிஸ்ட், ஒரு டர்ன்ஓவர்

2019 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை இரவு. லூயிவில் நகரத்தில் வர்ஜீனியாவும் பர்டியூவும் மோதுகின்றன. ஜெயிக்கிற அணி கல்லூரிக் கூடைப்பந்தின் கடைசி நான்குக்குப் போகும். பர்டியூ 70, வர்ஜீனியா 67. மிச்சம் இருப்பது 5.9 விநாடி. வர்ஜீனியாவின் டை ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து உள்ளே. இரண்டாவது தவறிவிட்டது. கூடைக்கு அடியில் மமாடி டியாகிட்டே எம்பித் தட்டிவிட்ட பந்து நடுக்கோட்டைத் தாண்டி வர்ஜீனியாவின் பாதிக்கே ஓடிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு போனது கீஹே கிளார்க். முதலாம் ஆண்டு மாணவர். உயரம் 5 அடி 9 அங்குலம். பந்தை எடுத்தார், திரும்பினார், நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார். டியாகிட்டே வாங்கிய வேகத்தில் எறிந்தார். நேரம் முடிந்தது, பந்து உள்ளே போனது. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என்று வர்ஜீனியா ஜெயித்தது. ஒன்பது நாள் கழித்து டெக்சஸ் டெக்கைத் தோற்கடித்து அவர்களே சாம்பியன்.

கிளார்க் கொடுத்த அந்தப் பாஸுக்கு ஸ்கோர் ஷீட்டில் என்ன மதிப்பு? ஒரு அசிஸ்ட், அதாவது கூட்டாளி பந்தை உள்ளே போட வழிசெய்த ஒரு பாஸ். 30 புள்ளி முன்னணியில் இருக்கும்போது சும்மா பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிற பாஸுக்கும் அதே ஒன்றுதான்.

அந்த சீசனில் கிளார்க்கின் சராசரி ஆட்டத்துக்கு 4.5 புள்ளி, 2.6 அசிஸ்ட். என்னோடு கூடைப்பந்து பார்க்கும் நண்பர் ஒருவர் அப்போதே சொன்னார்: "இந்த நம்பரை வைத்துக்கொண்டு சாம்பியன் அணியில் எப்படி இடம் பிடித்தான்? பக்கத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்ததால் தப்பித்தான்." இன்றைக்கும் கிளார்க் போன்ற பாயிண்ட் கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படித்தான் முடிகிறது. ஒருவர் புள்ளியைச் சொல்வார், இன்னொருவர் அசிஸ்டைச் சொல்வார், பெரிய எண் வைத்திருப்பவர் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிடுவார். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. எண்களை நான் வெறுப்பவன் அல்ல. எண்களை இவ்வளவு அரைகுறையாகப் படிப்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் வேகத்தைப் பார்க்க வேண்டும். டோனி பென்னட் பயிற்சியளித்த வர்ஜீனியா, நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. ஒரு ஆட்டத்தில் அவர்கள் கையில் பந்து வருவது சுமார் 60 தடவை. வேகமாக ஆடும் அணிகளுக்கு அது 70ஐத் தாண்டும். 20 ஓவர் ஆடியவரின் ரன்னையும் 16 ஓவரில் மழை வந்து நின்றுபோன ஆட்டத்தின் ரன்னையும் நாம் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோமா? மாட்டோம். கூடைப்பந்தில் மட்டும் "ஆட்டத்துக்கு இத்தனை" என்பதை அப்படியே விழுங்கிவிடுகிறோம். கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவரும், அவருக்குப் பின் வந்த, வானிலை ஆய்வாளராக வேலை பார்த்த கென் பாமராயும் 100 போசஷனுக்கு, அதாவது கையில் பந்து வரும் 100 தடவைக்கு, இத்தனை என்று கணக்கிடும் முறையைப் பரப்பி எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. கல்லூரிப் பயிற்சியாளர்களே அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, வேகத்தைக் கழித்துவிட்டால் போதுமா? அப்போதும் ஒற்றை எண் ஏமாற்றும். அசிஸ்ட்டை டர்ன்ஓவரால், அதாவது எதிரணியிடம் பந்தை இழந்த தடவைகளால், வகுப்பதுதான் பாயிண்ட் கார்டுக்குச் சரியான அளவுகோல் என்று பலர் சொல்வார்கள். அயோவா ஸ்டேட்டின் மான்டே மோரிஸ் 2016-17 சீசனில் ஆட்டத்துக்கு 6.2 அசிஸ்ட் கொடுத்து 1.2 தடவைதான் பந்தை இழந்தார். ஒரு டர்ன்ஓவருக்கு ஐந்துக்கும் மேலே அசிஸ்ட். அபாரமான கணக்கு. அடுத்த வருஷம் ஓக்லஹோமாவில் ட்ரே யங் 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் என்று இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். ஒரே சீசனில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். ஆனால் பந்தை இழந்தது ஆட்டத்துக்கு 5.2 தடவை. வகுத்துப் பார்த்தால் இரண்டுகூட வராது. அப்படியானால் யங் மோசமான பாயிண்ட் கார்டா? அவர் வருவதற்கு முந்தைய சீசனில் அந்த அணி 11 வெற்றி, 20 தோல்வி. அவர் ஆடிய வருஷம் 18 வெற்றி, 14 தோல்வி. அணி செய்ய வேண்டியதில் பெரும்பங்கை அவர் ஒருவரே தோளில் போட்டுக்கொண்டார். எதிரணி இரண்டு பேரை அவர்மேல் விட்டது. அந்தச் சுமையோடு வந்த ஐந்தையும், மோரிஸுக்கு வந்த ஒன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மறுபக்கம், யங்கின் 27 புள்ளியைக் காட்டி மோரிஸைச் சின்னவராக்குவதும் அநியாயம். அந்த அணி மோரிஸிடம் கேட்டது வேறு.

அசிஸ்ட் என்பதே ஒருவருக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. 2017 டிசம்பர் 19 அன்று நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் அணிக்கு எதிராக யங் 22 அசிஸ்ட் கொடுத்து கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் சாதனையைச் சமன் செய்தார். அந்த 22ல் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் பந்தை உள்ளே போட்டாக வேண்டும். பிரமாதமான பாஸ், வாங்கியவர் தவறவிட்டார் என்றால் பூஜ்யம். பாஸ் வாங்கியவரை ஃபவுல் செய்து அவர் ஃப்ரீ த்ரோவில் இரண்டு புள்ளி எடுத்தாலும் அசிஸ்ட் பூஜ்யம்தான். எதிரணியின் தற்காப்பையே கலைத்த முதல் பாஸ் ஒருவருடையது, அதற்கடுத்த சுலபமான பாஸ் இன்னொருவருடையது என்றால், எண் இரண்டாமவருக்குப் போகும். போதாததற்கு, எதை அசிஸ்ட் என்று எழுதுவது என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவரின் தீர்ப்பு.

இப்போது கிளார்க்கிடம் திரும்ப வருகிறேன். அவர் எதிரணியின் பாயிண்ட் கார்டை முழு மைதானத்துக்கும் துரத்துவார். எதிரில் இருப்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் ஏழெட்டு விநாடி ஓடிவிடும். கல்லூரியில் ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்தால் அதற்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டிய நேரம், 30 விநாடி. அந்த ஏழெட்டு போனால் திட்டமிட்டு ஆட மிச்சம் 22, 23. இதற்கு ஸ்கோர் ஷீட்டில் எந்தக் கட்டமும் இல்லை. பந்தைப் பறித்தால்தான் ஸ்டீல் என்று எழுதுவார்கள். தாக்குதலிலும் அப்படித்தான். பந்தைக் கொண்டு வரும் வேலையைக் கிளார்க் எடுத்துக்கொண்டதால் ஜெரோமும் கைல் கையும் பந்தில்லாமல் ஓடி, கூட்டாளி உடம்பால் மறித்துப் போடும் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து எறிய முடிந்தது. அவர்களுடைய புள்ளிகளில் கிளார்க்கின் வியர்வை இருக்கிறது.

அதற்குத்தான் பிளஸ்-மைனஸ் இருக்கிறதே, அவர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னேறியது என்று பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், நானும் பார்ப்பேன். ஆனால் கிளார்க் களத்தில் இருந்தபோது கூட இருந்தவர்கள் டியாண்ட்ரே ஹண்டர், ஜெரோம், கை. மூன்று பேருமே அந்த வருஷம் என்பிஏ அணிகளால் தேர்வு செய்யப்பட்டவர்கள். அந்த பிளஸ் யாருடையது? கல்லூரி சீசன் என்பது 35 ஆட்டம் சொச்சம்தான். பிரித்தெடுக்க அது போதாது. மூன்று புள்ளி எறிதலும் இப்படியே. 100 தடவை எறிந்தவர் 35 சதவீதமா 40 சதவீதமா என்பது வெறும் ஐந்து பந்து. விளிம்பில் பட்டு வெளியே போன ஐந்து பந்துக்காக ஒரு பையனின் மதிப்பு ஏறி இறங்குகிறது.

அப்புறம் 2023 மார்ச் 16. நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. அதே கிளார்க், இப்போது ஐந்தாவது சீசன், வர்ஜீனியாவின் வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்தவர். அதே தேசியப் போட்டியின் முதல் சுற்று, எதிரில் ஃபர்மன். வர்ஜீனியா 67-65 முன்னணி, சில விநாடிகள்தான் மிச்சம். தன்னுடைய பாதியின் மூலையில் இரண்டு பேர் கிளார்க்கை வளைத்துவிட்டார்கள். நீளமாக முன்னால் எறிந்தார். ஃபர்மனின் கேரட் ஹியன் நடுவில் பிடித்து ஜேபி பெகிஸிடம் கொடுத்தார், மூன்று புள்ளி, 68-67. வர்ஜீனியா வெளியே. கிளார்க்கின் கடைசிக் கல்லூரி ஆட்டம் அதுதான்.

ஷீட்டில் ஒரு டர்ன்ஓவர். பந்து கோட்டுக்கு வெளியே போயிருந்தாலும் அதே ஒன்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் வெளியே போனால் தற்காப்பு நின்று அணிவகுக்க நேரம் கிடைக்கும். எதிராளி கையில் போனால் கிடைக்காது. அந்தத் தவறு கிளார்க்குடையது, அதை நான் மறைக்கவில்லை. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் மறுநாள் நண்பர் "நான் அப்போதே சொன்னேனே" என்றபோது ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2019ல் அந்த ஒரு அசிஸ்ட்டை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2023ல் ஒரு டர்ன்ஓவரை மட்டும் முழு வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார்.

நான் ஒரு பாயிண்ட் கார்டை எடைபோட முதலில் பார்ப்பது, அவர் கையில் பந்து இருக்கும்போது அணியின் 100 போசஷன் எத்தனை புள்ளியாகிறது என்பது. அடுத்து, அவருக்கு எவ்வளவு சுமை. பிறகு, நவம்பரில் சின்னக் கல்லூரிகளோடு ஆடிய எண்ணை நீக்கிவிட்டு, ஜனவரிக்குப் பிறகு சொந்த கான்ஃபரன்ஸில், அதாவது தன் கல்லூரி சேர்ந்திருக்கும் அணிக் குழுவில், என்ன செய்தார். கடைசியாக, குறைந்தது நான்கு முழு ஆட்டம், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்ப்பேன்.

பர்டியூ ஆட்டத்தின் அந்தக் கடைசி 5.9 விநாடி கிடைத்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டியாகிட்டேயைப் பார்க்காதீர்கள். பந்து பின்னால் ஓடும்போது கிளார்க்கைப் பாருங்கள், எடுத்துத் திரும்பிய பிறகு அவர் கண் எங்கே போகிறது என்று.