கீரிமலைப் படத்துக்கு ஆண்டு போடுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், கடலோர ஊற்று நீரில் குளிக்கும் கீரிமலைக் கேணியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை என் முகநூலில் வந்து நிற்கும். படிக்கட்டு, தண்ணீருக்குள் நாலைந்து ஆண்கள், சுவருக்கு அந்தப் பக்கம் கடல். மேலே "அது ஒரு பொற்காலம்" என்று ஒரு வரி. கீழே இதயங்களும் கண்ணீர் முகங்களும். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு சொல் கிடையாது. கேட்டால் "வாட்ஸ்அப்பில் வந்தது அண்ணை" என்பார்கள். சரி, வாட்ஸ்அப்புக்கு எங்கிருந்து வந்தது?

இதை எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பழைய படங்களைப் பகிர்வது பிழை என்று சொல்லவில்லை. ஆண்டும் இடமும் இல்லாமல் பகிர்வதுதான் பிழை. அதுவும் யாழ்ப்பாணத்தார் நாங்கள் அதைச் செய்வது பெரிய பிழை. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. 1990இல் போருக்குப் பயந்து, கீரிமலை இருக்கும் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த ஓட்டங்களில் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? காணி உறுதி, நகை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அதற்குப் பிறகு கையில் இடமிருந்தால்தான் படம். ஆகவே இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு அம்மம்மாவின் மேசை லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) கிடக்கும் படம் வெறும் குடும்பப் படமல்ல. ஊருக்கு மிஞ்சிய ஆவணமே அவ்வளவுதான்.

கட்டடங்களின் படம் என்றால் ஆண்டு இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பியது. அது தெரியும் படத்துக்கு "1860, யாழ்ப்பாணம்" என்று தலைப்புப் போட்டால் சிரிக்கத்தான் வேண்டும். காங்கேசன்துறைக்கு ரயில் வந்தது 1902இல். தண்டவாளம் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் முழுதாக நின்றால் 1990க்கு முந்தியது. பொது நூலகம்தான் கொஞ்சம் ஏமாற்றும். 1959இல் திறந்த கட்டடத்தின் சாயலிலேயே திரும்பக் கட்டியதால், புதுக் கட்டடத்தைப் போனில் எடுத்து நிறத்தை நீக்கிவிட்டு "எரிவதற்கு முன்" என்று போட்டாலும் கனபேர் நம்பிவிடுவார்கள்.

ஊற்றுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. தண்ணீருக்குக் கட்டடக் கலைஞரும் இல்லை, திறப்புவிழாக் கல்வெட்டும் இல்லை. 1900இல் எடுத்த தண்ணீரும் 1970இல் எடுத்த தண்ணீரும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஆண்டு தெரிய வேண்டியதே இங்கேதான்.

ஏன் என்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும்தான் ஆறு. மற்றபடி எல்லாம் நிலத்துக்குக் கீழே. அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே வெடிப்பும் பொந்தும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மழை அதற்குள் இறங்கி, கீழே நிற்கும் உப்புநீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. அந்த நன்னீர் கரையோரத்தில் கடலுக்குப் போக வழி தேடுகிறது. அது வெளியே வரும் வாய்களில் ஒன்றுதான் கீரிமலை. கடல் ஏறி இறங்கும்போது ஊற்றின் போக்கும் மாறும். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் என்று நாங்கள் அதிசயப்படுவதன் சங்கதி இதுதான். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையும் குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி கதையும் எனக்கும் பிடித்தவைதான். சுண்ணக்கல்லின் கதை அவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறும் அதே சங்கதிதான். அடியில்லாக் கிணறு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அடி இருக்கிறது, ஏறத்தாழ 50 மீட்டரில். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. அளவோடு இறைத்தால் வற்றாது, அளவு மீறினால் உப்பு மேலே ஏறும். குடாநாட்டுக் கிணறு ஒவ்வொன்றுக்கும் இதுதான் விதி.

இப்போது அந்தப் பழைய படங்களைத் திரும்பப் பாருங்கள். நீர் மட்டம் எத்தனையாவது படியில் நிற்கிறது? படியில் பாசிக்கோடு எங்கே இருக்கிறது? வெளிச்சுவர் இருக்கிறதா, இல்லையா? எந்த மாதம், எந்த ஆண்டு என்று தெரிந்தால் இவை எல்லாம் தகவல். தெரியாவிட்டால் வெறும் அழகு.

தோட்டக் கிணற்றுப் படங்களிலும் இப்படித்தான். துலா (ஏற்ற மரம்) மிதிப்பவர் மேலே நடக்கிறார், கீழே ஒருவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுகிறார். இந்தப் படத்தைப் போட்டால் எல்லாருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடும். எனக்கு அதில் தெரிவது அளவு. மனிதக் கால் மிதித்து எவ்வளவு இறைக்கலாம்? களைத்தால் நிற்கத்தான் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் மெசின் வந்த பிறகு களைப்பு என்ற தடை போய்விட்டது. உரமும் சேர்ந்தது. இன்று எங்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிப்போனதைப் பற்றி ஆய்வுக்கு மேல் ஆய்வு வருகிறது. எந்த ஊரில் எந்தப் பத்தாண்டில் துலா இறங்கி மெசின் ஏறியது என்பதைப் படங்களை வைத்தே ஊர் ஊராகச் சொல்லலாம், படத்துக்கு ஆண்டு இருந்தால்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைப் படங்களுக்கும் நல்ல வரவேற்பு. 1950இல் தொடங்கியது, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அந்தப் பெருமை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சீமெந்து எதிலிருந்து வந்தது? கீரிமலையின் தண்ணீரைத் தாங்கும் அதே சுண்ணக்கல்லிலிருந்துதான். ஒரு நாள் கேணிப் படத்துக்கு இதயம், அடுத்த நாள் தொழிற்சாலைப் படத்துக்கு இதயம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பொற்காலம் என்ற சொல்லோடு எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தப் படங்களில் குளிப்பவர்கள் யார்? படத்தில் இல்லாதவர்கள் யார்? கீரிமலைக்குக் கொஞ்சத் தூரத்தில் மாவிட்டபுரம். அங்கே கோயிலுக்குள் போவதற்காக 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்தது. அதற்கு 11 ஆண்டு முன்னரே, 1957இல், சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் கோயில் கதவு அப்படியே இருந்தது. பொதுக் கிணற்றில் கை வைக்க முடியாமல், யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றவர்கள் இந்த ஊரில்தான் வாழ்ந்தார்கள். கேணிப் படம் 1935ஆ 1975ஆ என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 40 ஆண்டில் படிக்கட்டு மாறியிருக்காது. யார் படிக்கட்டில் இறங்கலாம் என்பது மாறியது, மாற்றப்பட்டது. ஆண்டை அழித்தால் அந்தப் போராட்டத்தையும் சேர்த்து அழிக்கிறோம்.

பெண்களின் கேணியையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த பழைய படங்கள் எல்லாமே ஆண்கள் கேணிதான். பெண்கள் பக்கம் மறைப்புச் சுவருக்குள் இருந்ததால் கமெரா அங்கே போகவில்லை, அது சரியும்கூட. ஆனால் "கீரிமலையின் வரலாறு" என்று தலைப்புப் போடும்போது பாதிக் கீரிமலை அதில் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டாமா?

அப்புறம் இந்த நிறமூட்டும் வேலை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் ஒரு நொடியில் கேணித் தண்ணீர் நீச்சல்குள நீலமாகிவிடுகிறது, வானமும் நீலம், குளிப்பவர்களின் தோல் இரண்டு மடங்கு வெளுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடித் தகடு நீல ஒளியைத்தான் அதிகம் பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக, முகில் இல்லாமல் இருக்கும். சிவப்பும் பழுப்பும் உள்ளதைவிடக் கறுப்பாக விழும். தகடு ஒளியை வாங்கச் சில நொடி எடுத்ததால் அலை பனிமூட்டம்போலக் கலங்கித் தெரியும், அசைந்தவர்கள் ஆவிபோல மங்குவார்கள். இந்தக் குறைகள்தான் படத்தின் வயதைச் சொல்பவை. செயலி முதலில் துடைத்து எடுப்பது அவற்றைத்தான். நிறமூட்டத்தான் வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் மூலப் படத்தையும் கூடவே போடுங்கள்.

இதெல்லாம் வெறும் ரசனைச் சண்டை என்று நினைப்பவர்கள் கன்னியாவை நினைத்துப் பாருங்கள். திருகோணமலையில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். செத்தவர்களுக்கான கிரியைகளைத் தமிழர்கள் அங்கே செய்துவந்திருக்கிறார்கள். அந்த இடம் யாருடையது என்பதில் பல ஆண்டாக இழுபறி, 2019இல் தமிழர்கள் அங்கே திரண்டு போராடினார்கள். அப்படி ஒரு இடத்தில் பிள்ளையார் கோயில் தெரியும் பழைய படம் சான்று. ஆனால் ஆண்டும் எடுத்தவர் விபரமும் இல்லாத படத்தை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைப்பது? இருநூறு இதயம் விழுந்தது என்றா சொல்வது?

வேலை ஒன்றும் பெரிதில்லை. படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டாதீர்கள். ஆண்டு தெரியாவிட்டால் "பெரியண்ணையின் கலியாணத்துக்கு முதல்" என்று எழுதினாலும் போதும், அதிலிருந்து ஆண்டைப் பிடிக்கலாம். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கள். பிறகு தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள், உங்கள் போன் உடைந்தாலும் படம் இருக்கும்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது இரண்டு. 1990க்கு முன் கீரிமலையில் ஆடி அமாவாசை அன்று எடுத்த படம், நீர் மட்டமும் படியும் தெரிந்தால் நல்லது. மற்றது, புத்தூர், நவக்கிரிப் பக்கத்துத் தோட்டக் கிணறு, துலாவோடோ முதல் மெசினோடோ. வைத்திருப்பவர்கள் கீழே போடுங்கள். ஆண்டோடு.