பில்டரை மாற்றிவிட்டால் தீர்ந்ததா?

"டிபிஎஃப் அடைத்துவிட்டதா? கழற்றிப் புதுசு மாட்டு, அவ்வளவுதானே!" என்று சொல்கிறவர்களை அந்த லாரிக்கடியில் படுக்க வைத்து, ஸ்பேனரைக் கையில் கொடுக்க வேண்டும். டிபிஎஃப் என்றால் டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் பில்டர்.

பில்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருவேறி நட்டும் போல்ட்டும் ஒன்றாகியிருக்கும். அதையாவது வெட்டி எடுத்துவிடலாம். வெப்பநிலை சென்சார்கள்தான் கொடுமை. ரீஜென், அதாவது பிடித்த கரியை வண்டியே எரித்துத் தள்ளும் வேலை, ஓடும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் வருஷக்கணக்கில் வெந்து கிடந்த சென்சார் லேசில் வருமா? ஒன்று முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும், இல்லாவிட்டால் த்ரெட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். போன தடவை மாட்டிய புண்ணியவான் த்ரெட் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் ஒரு துளி தடவியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி, இதெல்லாம் தொழில். என் வயிற்றெரிச்சல் வேறு. ஏன் அடைத்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை!

கரி மட்டும் என்றால் ரீஜென்னிலேயே எரிந்து போகும். சாம்பல் எரியாது. என்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து விட்டுப்போகும் மிச்சம் அது. பில்டரைக் கழற்றி, சூட்டடுப்பில் வைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பில்டருக்குள் இருக்கும் செராமிக் விரிசல் விடாமலோ உருகாமலோ இருந்தால் புதுசே வேண்டியதில்லை. ஆனால் சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றுங்கள் என்றால் மட்டும் காது கேட்காது.

இன்ஜெக்டர் ஒழுகும், டர்போ சீல் வழியாக ஆயில் கசியும், வண்டி நாள் முழுக்க நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். எதையும் தொடாமல் பில்டரை மட்டும் மாற்றினால்? கொஞ்ச நாளில் அதே எச்சரிக்கை விளக்கு, அதே இழுவைக் குறைவு. சில நேரம் அடைப்பை அளக்கும் பிரஷர் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அவ்வளவுதான் விஷயம். அதைக்கூடப் பார்க்காமல் பில்டருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் கூத்து. புது பில்டர் மாட்டியாகிவிட்டது என்று ஸ்கேனரில் சொல்லி, சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சாம்பல் இன்னும் உள்ளே இருப்பதாகவே வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அந்த வசதி எல்லா ஸ்கேனரிலும் இருக்கிறதா? இல்லை. நம் வண்டியில் நாம் மாட்டியதை ஒப்புக்கொள்ள வைக்கவும் தனியாகக் காசு!

இத்தனை செலவு செய்கிறவர்கள், கிளாம்புக்குள் போகும் கேஸ்கட் புதுசு வேண்டும் என்றால் மட்டும், "பழசு நல்லாத்தானே இருக்கு, அதையே போடுங்களேன்" என்கிறார்கள்.