சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

நேற்றும் ஒருவர் என் பெயர்ப்பலகைக் கடைக்கு வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதே போர்டு அந்த ஊர்ல உங்க ரேட்டில் பாதிதான், நீங்க ஏன் இப்படிப் போடுறீங்க?" திரையில் ஒரு படம், அதற்குக் கீழே ஒரு நம்பர். என்ன ஷீட், எத்தனை எம்எம், உள்ளே என்ன லைட், ஃபிட்டிங் சேர்த்தா சேர்க்காமலா, ஒரு விவரமும் கிடையாது. அந்த ஒற்றை நம்பரை வைத்துக்கொண்டு என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்த பார்வைதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

பெயர்ப்பலகைக்கு ஊருக்கு ஊர் ரேட் மாறத்தான் செய்யும், ஏன் மாறக்கூடாது? கடை வாடகை ஊருக்கு ஊர் வேறு, ஆள் கூலி வேறு, கரண்ட் கட்டணம் வேறு. இதையெல்லாம் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆட்டிவிட்டு "சரி, சதுர அடிக்கு எவ்வளவு?" என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்பார்கள்.

அந்தச் சதுர அடிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். போர்டுக்குப் போடும் ஏசிபி ஷீட், அதாவது நடுவே பிளாஸ்டிக் வைத்து இருபுறமும் அலுமினியம் ஒட்டிய பலகை, பெரும்பாலும் 8க்கு 4 அடியில் வரும், மொத்தம் 32 சதுர அடி. நீங்கள் கேட்பது 5க்கு 3 அடி போர்டு, அதாவது 15 சதுர அடி. பேப்பரில் பார்த்தால் ஒரு ஷீட்டில் இரண்டு போர்டு வந்து 2 சதுர அடி மிச்சமாகும். ஆனால் வெட்டிப் பாருங்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான் வரும். 3க்கு 4 அடியில் ஒரு துண்டும் 5க்கு 1 அடியில் ஒரு பட்டையும் மீதி நிற்கும், 17 சதுர அடி. அதுவே 4க்கு 4 கேட்டிருந்தால் ஒரு ஷீட்டில் இரண்டு, துளி வீணில்லை. ஒரு சதுர அடி அதிகம் கேட்டவருக்கு ஷீட் செலவு கிட்டத்தட்ட பாதியாகிறது!

தினமும் முப்பது நாற்பது ஆர்டர் ஓடுகிற இடத்தில் அந்த மீதித் துண்டு சாயங்காலத்துக்குள் வேறு யாருடைய போர்டாகவோ ஆகிவிடும். வாரத்துக்கு நாலு ஆர்டர் வருகிற இடத்தில் அது சுவரோரம் சாய்ந்து நின்று, பாதுகாப்பு ஃபிலிம் வெயிலில் உலர்ந்து ஒட்டிக்கொண்டு, கடைசியில் காயலான் கடை விலைக்குப் போகும். அந்த நஷ்டத்தை யார் தலையில் வைப்பது? ஸ்டாக்கிஸ்ட் பக்கத்திலேயே இருந்தால் தேவைப்பட்ட அன்று ஒரே ஒரு ஷீட் வாங்கிக்கொள்ளலாம். தூரத்தில் இருப்பவன் ஒரு ஷீட்டுக்கு வண்டி பிடிக்க முடியுமா? பத்தாக எடுக்க வேண்டும், வண்டி வாடகை தர வேண்டும், மூலை மடங்கி வந்ததைத் தனியே ஒதுக்க வேண்டும், போட்ட பணம் மாதக்கணக்கில் ஷீட்டாகவே நிற்க வேண்டும்.

அப்புறம் "ஒரே மெட்டீரியல்தானே" என்பார்கள். போர்டின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம்தான் வினைல், அதிலும் எல்லாம் ஒரே வினைலா? சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது காலண்டர்ட், திரவமாக ஊற்றிப் படிய வைத்துச் செய்வது காஸ்ட். இழுத்துச் செய்தது வெயில் ஏற ஏறச் சுருங்கப் பார்க்கும், ஓரத்தில் பசை தெரியும், மூலை தூக்கும். காஸ்ட் அப்படிப் படுத்தாது, அதற்கேற்ற விலையும் உண்டு. தயாரிப்பாளர்களே இத்தனை வருடம் உழைக்கும் என்று ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்வதில்லை. வெயில் கடுமையான பிரதேசத்துக்குக் குறைத்துச் சொல்கிறார்கள், செங்குத்தாக நிற்கும் பரப்புக்கு ஒன்று, வானத்தைப் பார்த்துச் சாய்ந்த பரப்புக்கு அதைவிடக் குறைவு. செய்பவனே இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்லும்போது, ஒட்டுகிறவன் மட்டும் உலகம் முழுக்க ஒரே ரேட் சொல்ல வேண்டுமா?

கடலோரம் என்றால் இரும்பு ஃப்ரேமுக்குச் சாதாரண பெயின்ட் போதாது, உப்புக் காற்று ஒரு வருடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டிலும் 304 என்கிற ரகம் பழுப்புக் கறை விடும், மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் தாக்குப்பிடிக்கும், விலையும் கூடுதல். காற்று பலமான இடம் என்றால் கதையே வேறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் போர்டின் மேல் விழும் அழுத்தம் நாலு மடங்கு. 10க்கு 4 அடி போர்டு 40 சதுர அடிப் பாய்மரம் மாதிரி. மரங்களுக்கு நடுவே தரைத்தளத்தில் மாட்டுவதற்கும், மறைப்பே இல்லாத மூன்றாவது மாடி முகப்பில் மாட்டுவதற்கும் பைப், சுவரில் பதிக்கும் ஆங்கர் போல்ட், வெல்டிங் எல்லாமே மாறும். இதெல்லாம் முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. பின்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

விதிமுறைகளும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவில் விளக்குப் பலகை சோதித்து முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும் என்று மின்விதி சொல்கிறது, அந்தச் சோதனைக்கான தரத்தின் பெயர் யுஎல் 48. சில ஊர்களில் அனுமதி வாங்கவே வரைபடமும் பொறியாளர் கையெழுத்தும் கேட்பார்கள். எதுவுமே கேட்காத இடத்து ரேட்டைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் எப்படிப் பொருந்தும்? எல்இடிக்கும் அப்படித்தான். 100 வாட் பவர் சப்ளையில் 80 வாட்டுக்கு மேல் ஏற்றாமல் விடுவதுதான் ஒழுங்கான வேலை. ஒருவன் விளிம்பு வரை ஏற்றி ரேட்டைக் குறைப்பான், முதல் நாள் இரண்டு போர்டும் ஒரே மாதிரிதான் எரியும்.

வாடிக்கையாளர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவர்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம். என் வயிறு எரிவது சக தொழில்காரர்களால். ஒரே தெருவில் பத்து பிரின்டிங் மெஷின், பத்துக்கும் லோன், மெஷின் சும்மா நிற்கக்கூடாது என்று மை காசும் ஃப்ளெக்ஸ் காசும் வந்தால் போதும் என்று அடித்துக் கொடுக்கிறார்கள். தேய்மானம் எங்கே, மெஷினில் மை தெளிக்கும் ஹெட் போனால் மாற்றும் செலவு எங்கே, உங்கள் சொந்தச் சம்பளம் எங்கே? கேட்டால் "மார்க்கெட் ரேட்" என்கிறார்கள். அந்தத் தெருவின் நெருக்கடியில் பிறந்த ரேட் அது, அங்கேயே பாதிப் பேருக்குக் கட்டுப்படியாகவில்லை, ஆனால் போன் திரை வழியாக எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு கூட்டம், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள், போன் போட்டு "அண்ணே, சதுர அடிக்கு எவ்வளவு போடலாம்?" என்கிறார்கள். தம்பி, உன் வாடகை எனக்குத் தெரியாது, உன்னிடம் வேலை செய்கிறவருக்கு நீ என்ன கொடுக்கிறாய் என்று தெரியாது, உனக்கு ஷீட் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நான் சொல்கிற ரேட்டை நீ போட்டால் ஒன்று உனக்கு ஆர்டர் வராது, இல்லை ஆறு மாதத்தில் கடையை மூடுவாய். ஒரு மாதச் செலவை எழுதி, உண்மையில் வேலை நடக்கிற மணிநேரத்தால் வகுத்துப் பார். எத்தனை தடவை சொல்லியும் கேட்கிறவர்கள் குறைவு.

போன வருடம் ஒருவர் என் கொட்டேஷனை விட்டுவிட்டு, வெளியூரில் செய்து பார்சலில் வரவழைத்தார். அப்புறம் மாட்டித்தர என்னையே கூப்பிட்டார். பிரித்தால் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, பின்னால் ஃப்ரேமே இல்லை, வயர் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று செய்தவர் யோசிக்கவே இல்லை. பைப் வாங்கி ஃப்ரேம் அடித்து, துளை மாற்றிப் போட்டு, ஏணி எட்டாததால் லிஃப்ட் வண்டியை வாடகைக்கு எடுத்து, இரண்டு பேருடன் ஒரு நாள் முழுக்க நின்று மாட்டினேன். பில்லைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போர்டு விலையை விட மாட்டுற கூலி எப்படி அதிகமாகும்?" கூலி எப்போதுமே அங்கேதான் இருந்தது ஐயா. நான் கொடுத்த கொட்டேஷனில் அது உள்ளேயே இருந்தது, நீங்கள்தான் அடியில் இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தீர்கள்.

இப்போதெல்லாம் போனில் நம்பர் சொல்வதையே நிறுத்திவிட்டேன். போர்டு எந்த உயரத்தில் வரும், எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டும், ராத்திரி எரிய வேண்டுமா, சுவர் செங்கல்லா கான்கிரீட்டா, எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்து ரேட் சொல்கிறேன்.