குடில் கட்டுவது கடைசி வேலை

காட்டு ஊர்களுக்குச் சுற்றுலாவைக் கொண்டுபோகிற திட்டங்கள் பெரும்பாலும் குடிலில்தான் தொடங்குகின்றன. நாலு மூங்கில் குடில், ஒரு பெயர்ப்பலகை, திறப்பு விழா, போட்டோ. இரண்டு மழைக்காலம் போனால் மூங்கிலைக் கரையான் தின்றிருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்றே ஊரில் யாருக்கும் தெரியாது. ஊரே நடத்துகிற சூழல் சுற்றுலா காட்டைக் காப்பாற்றும் என்று முழுமனதாக நம்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன்: வருகிற பணம் எந்த வீட்டுக்குப் போகும், எத்தனை பேர் வரலாம் என்று முடிவெடுப்பது யார் என்ற இரண்டும் எழுத்தில் முடிவான பிறகு முதல் கம்பை நட்டால் போதும்.

பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காட்டால் வரும் நஷ்டம் ஊருக்குள் சமமாகப் பிரிவதில்லை. யானையும் பன்றியும் இறங்குவது காட்டோரத்து வயல்களில். விருந்தாளி தங்குவதோ தார் ரோட்டை ஒட்டிய, கழிப்பறை இருக்கிற, கொஞ்சம் வசதியான வீட்டில். ஒரே ராத்திரியில் ஒரு போகத்தைப் பறிகொடுத்தவருக்குச் சுற்றுலாவால் பத்துப் பைசா வராது. அவர் பன்றிக்கு கிளட்ச் வயரில் கண்ணி வைப்பார். அதில் சிறுத்தையும் மாட்டும். "ஊருக்கு வருமானம் வந்தும் வேட்டை நிற்கவில்லையே" என்று கேட்பவர்கள், அந்த வருமானம் எந்த வீட்டு வாசலில் நின்றது என்று பார்க்க வேண்டும்.

வீடு, சமையல், வழிகாட்டி மூன்றுக்கும் கூலியை முறைவைத்துக் கொடுத்துவிட்டு, மொத்த வரவில் நூற்றுக்கு முப்பது ரூபாயாவது பொதுநிதிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. அந்த நிதியில் முதல் உரிமை பயிர் இழந்த வீட்டுக்கு. அதுவும் ஒரு வாரத்துக்குள். அரசு இழப்பீடு மாதக்கணக்கில் இழுக்கும்போது, கண்ணி வைப்பதா வேண்டாமா என்ற முடிவு அந்த முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. இரண்டாவது உரிமை ரோந்துக் கூலிக்கு. கோயில் திருவிழாவும் சமுதாயக் கூடமும் அதற்கு அப்புறம்தான். கழிப்பறை இல்லாததால் எந்த வீட்டுக்கும் முறை தவறக் கூடாது. பொதுநிதியிலிருந்து கடன் கொடுத்துக் கட்ட வைத்து, வரும் கூலியில் கழித்துக்கொள்ளலாம். சமைக்கிற பெண்ணின் கூலி அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

நேபாளத்தில் 1993-ல் சட்டத்தைத் திருத்தி, தேசியப் பூங்காக்களின் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வழிசெய்தார்கள். சித்வன் காட்டோர ஊர்கள் அதனால் பலன் கண்டன. அந்தச் சட்டம் ஊர்க்குழு வரை பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து காண்டாமிருகம் மேய்ந்த வயலுக்கு அதைக் கொண்டுபோவது ஊரின் கணக்குப் புத்தகம்தான்.

கணக்கு எங்கே ஓட்டை விடும் என்பதும் தெரிந்ததே. வழிகாட்டி ஒருவர் ரசீது போடாமல் இரண்டு பேரைக் கூட்டிப்போவார். யாரும் கேட்காவிட்டால் அடுத்த மாதம் எல்லோரும் அதையே செய்வார்கள். இதற்கு மூன்று பிரதி ரசீது போதும்: ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று பாதை தொடங்குமிடத்தில் நிற்பவருக்கு, ஒன்று புத்தகத்திலேயே. நிற்பவர் தலையை எண்ணி ரசீது எண்ணோடு ஒப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். முன்பணம் நகரத்து ஏஜென்ட் கணக்குக்குப் போகிற இடத்தில் இது எதுவுமே நடக்காது. ஊர்ப் பெயரில் கணக்கு, ஏஜென்டுக்கு எழுதிவைத்த கமிஷன், அவ்வளவுதான்.

அடுத்தது எத்தனை பேர் என்ற கேள்வி. 'தாங்கும் அளவு' என்று பெரிய அறிக்கை எழுதுவார்கள். பாதை நீளத்தைக் குழுக்களுக்கு இடையே விடும் தூரத்தால் வகுத்து, ஒரு நாளைக்கு நூறு பேர் என்று கணக்குக் காட்டுவார்கள். உண்மையில் எண்ணிக்கையை முடிவுசெய்வது எது முதலில் தீர்கிறதோ அது. பல காட்டு ஊர்களில் அது தண்ணீர்.

கோடையின் கடைசியில், ஊற்று மிகவும் சுருங்கியிருக்கும்போது அளந்து பாருங்கள். 15 லிட்டர் குடம் நிறைய 5 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 3 லிட்டர், நாளுக்கு 4,320 லிட்டர். ஊரில் 60 பேர், ஆளுக்கு 40 லிட்டர் என்றால் 2,400 போய்விடும். பத்து மாட்டுக்கு 400. மிச்சம் 1,520. அதில் பாதியாவது ஓடையில் கீழே இறங்கிப் போகட்டும். மானுக்கும் யானைக்கும் அந்த மாதத்தில் வேறு போக்கிடம் கிடையாது. ஆக 760 லிட்டர். குளித்துத் துவைத்துக் கழிப்பறையில் ஃப்ளஷ் இழுக்கிற விருந்தாளி 100 லிட்டரைச் சாதாரணமாகச் செலவழிப்பார். கோடையில் அந்த ஊருக்கு ஏழு பேர். எட்டாவது ஆளிடம் "இடமில்லை" என்று சொல்லும் அதிகாரம் ஊர்க்கூட்டத்திடம் இருக்கிறதா என்பதில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது.

அந்த அதிகாரத்துக்கு இந்தியாவில் சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு, சமூகக் காட்டு வளத்தை, அதாவது ஊர் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டை, பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. 5-வது பிரிவு அதற்கான பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராமசபையிடம் கொடுக்கிறது. ஆனால் பல இடங்களில், வனத்துறை ஊராரைச் சேர்த்து அமைக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுவின் செயலாளராக இருப்பவர் வனத்துறை அலுவலர். அவர் கையெழுத்தில்லாமல் கணக்கிலிருந்து பணம் நகராது. நல்ல அலுவலர் இருக்கும்வரை ஓடும், மாற்றலாகிப் போனால் படுத்துவிடும். சமூக வன உரிமைப் பட்டா கையில் இருக்கிற ஊர் வனத்துறையோடு சரிசமமாக உட்கார்ந்து பேசலாம். பட்டா இல்லாத ஊர் கூலிக்கு ஆள் அனுப்பும், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

வனத்துறையும் ஊரும் சேர்ந்து சாதித்ததற்குக் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் நல்ல உதாரணம். அங்கே திருட்டுத்தனமாக வயனா என்கிற காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தவர்கள் 90-களின் இறுதியில் குழுவாகச் சேர்ந்து, வனத்துறையோடு பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் ஆனார்கள். சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள் என்பதால் பயணிகளோடு நடக்கும் நடையே ரோந்தாகிவிட்டது. மற்ற கடத்தல்காரர்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் பிழைப்பு நேரடியாகக் காட்டோடு கட்டப்பட்டிருந்தது. மரம் குறைந்து மிருகம் ஒதுங்கினால் அவர்கள் வேலையும் போகும். ரிசார்ட்டில் அறை கூட்டுகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை.

நடக்கிற பாதையைப் பற்றியும் கொஞ்சம். மலையில் நேராக மேலே ஏறுகிற பாதை ஒரே மழையில் வாய்க்காலாகிவிடும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 60 செ.மீ. அகலப் பாதைக்கு வெளியோரம் 3 செ.மீ. தாழ்ந்திருந்தால் தண்ணீர் பாதையிலேயே ஓடாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், இரண்டாவது பாதை விழும், வெயில் பட்ட அந்த விளிம்பில் உண்ணிச்செடி ஏறும். குழுவுக்கு ஆறு பேர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பறவையை வரவழைக்க போனில் அதன் குரலைப் போடுவதைக் கூடு கட்டும் காலத்தில் அடியோடு தடுக்க வேண்டும். பறவை கூட்டை விட்டுச் சண்டைக்கு வந்துவிடும். வெந்நீருக்கு விறகு எரிப்பதாக இருந்தால் விருந்தாளியே வேண்டாம், சூரிய வெப்பக் கலம் வந்த பிறகு கூப்பிடலாம். மிச்சச் சோற்றைக் கொல்லையில் கொட்டினால் குரங்கும் பன்றியும் வீட்டுக்குப் பழகும். பிறகு அவற்றை விரட்டவே ஆள் போட வேண்டியிருக்கும்.

நமீபியாவில் 1996-ல் சட்டம் மாறி, ஊர்கள் தங்கள் நிலத்தில் காட்டுயிர்களை நிர்வகித்து வருமானம் பெற வழி பிறந்தது. இன்று 86 சமூகக் காப்பகங்கள் இருக்கின்றன. அங்கே ஊர்க் காவலர்கள் ஆளுக்கொரு நிகழ்வுப் புத்தகம் வைத்து, கண்ட மிருகம், கிடைத்த கண்ணி, அழிந்த பயிர் எல்லாவற்றையும் தாங்களே எழுதுகிறார்கள். மூலப் பதிவு ஊரிலேயே இருக்கும். நம் பக்கம் வழிகாட்டி பார்த்ததை அலுவலகத்தில் ஒப்படைப்பதோடு சரி, ஊருக்குத் திரும்பி வருவதில்லை. அடுத்த வருடம் பாதையை மாற்றுவதா, ஒரு பள்ளத்தாக்குக்குள் மூன்று மாதம் யாரையும் விடாமல் இருப்பதா என்று கூட்டம் எதை வைத்து முடிவெடுக்கும்?

2020-ல் பெருந்தொற்று வந்து அதே நமீபியாவில் பயணிகள் வரவு நின்றபோது காவலர் கூலிக்கே திண்டாட்டமானது. வெளியிலிருந்து அவசர நிதி திரட்டித்தான் தாக்குப்பிடித்தார்கள். ஆகவே பொதுநிதியில் ரோந்துக் கூலி ஆறு மாதத்துக்கு எப்போதும் தொடாமல் கிடக்க வேண்டும். தேன், நெல்லி, கடுக்காய் சேகரிப்பையும் விவசாயத்தையும் எந்த வீடும் விட்டுவிடக் கூடாது. சுற்றுலாவில் வருவது ஒரு வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த வீட்டின் முறையைக் குறைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள்.