இசைத்தட்டின் கடைசிச் சுற்று

ராக் ஆல்பங்களின் சிறந்த முடிவுப் பாடல்கள் எவை என்ற பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் தங்களுக்குப் பிடித்த பாடல்களின் பெயர்களை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பாட்டு நன்றாக இருப்பது வேறு, ஓர் ஆல்பத்துக்கு மங்களம் பாடும் தகுதி அதற்கு இருப்பது வேறு என்பது என் கருத்து. முடிவுப் பாட்டை அதற்கு முன்னால் வரும் பாட்டோடும், அதற்குப் பின்னால் வரும் மௌனத்தோடும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. இசைத்தட்டில் கடைசிப் பாட்டு இருக்கும் இடம்தான் ஒலித்தரத்தில் மிக மோசமான இடம். தட்டு ஒரே சீராக நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஆனால் முள் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நகர நகர ஒவ்வொரு சுற்றின் நீளமும் குறைந்துகொண்டே வருவதால், கடைசிச் சுற்றுகளில் முள்ளுக்கு அடியில் தடம் ஓடும் வேகம் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உச்ச ஒலிகள் மங்குகின்றன, சத்தமான இடங்கள் எளிதில் பிசிறுகின்றன. ஆகவே அடக்கமான பாட்டு ஒன்றைக் கடைசியில் வைப்பதுதான் பாதுகாப்பான வழி.

1967இல் பீட்டில்ஸ் 'ஸார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தில் அந்த இடத்தில்தான் நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 'எ டே இன் த லைஃப்' பாட்டை நான் பல ஆண்டுகள் ஒரு தொகுப்புக் கேசட்டில் தனிப்பாட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். வியந்தேன், ஆனால் அதன் வேலை என்ன என்பது எனக்குப் பிடிபடவில்லை. முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்ட பிறகுதான் விளங்கியது. அந்த ஆல்பம் ஒரு கற்பனைக் குழுவின் கச்சேரி. தொடக்கப் பாட்டே இறுதியில் சுருக்கமாகத் திரும்ப வந்து, குழு விடைபெற்று, கைத்தட்டலும் எழுந்துவிடுகிறது. முறைப்படி நிகழ்ச்சி அங்கே முடிந்துவிட்டது. அந்தக் கைத்தட்டல் அடங்குவதற்குள் ஒற்றை கிதார் ஒலிக்கத் தொடங்கி, அன்றைய செய்தித்தாளைப் படித்தேன் என்று ஜான் லெனன் பாடுகிறார். வேடம் கலைந்தபின் வீட்டுக்குப் போகும் வழியில் கேட்கும் குரல் அது.

பாட்டின் நடுவில் வாத்தியக் குழு நுழையும் அந்த 24 தாளக்கட்டுகள் முதலில் வெறுமையாகவே விடப்பட்டிருந்தன. குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ் எண்ணிக்கொண்டே போகும் குரல் மட்டும் பதிவாகியிருந்தது. 1967 பிப்ரவரி 10 அன்று வந்த வாத்தியக்காரர்களிடம், அவரவர் கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து மிக உயர்ந்த ஸ்வரம் வரை, பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கவனிக்காமல் ஏறிப் போகும்படி தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கேட்டுக்கொண்டார். சேர்ந்து வாசிப்பதற்கென்றே வாழ்நாள் முழுதும் பயின்றவர்களிடம் இதைக் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இறுதியில் வரும் அந்தப் பேரொலிக்கு முதலில் எல்லோரும் சேர்ந்து முனகிப் பார்த்தார்கள், அது எடுபடவில்லை. பிப்ரவரி 22 அன்று பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஈ மேஜர் ஸ்வரக்கோவையை அறைந்து, ஒலி தேயத் தேய ஒலிப்பதிவுக் கருவியின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். நாற்பது நொடிகளுக்கும் மேல் நீளும் அந்த ஒலியின் வாலில், கூர்ந்து கேட்டால், அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் காதில் விழும்.

பீட்டில்ஸின் இன்னொரு முடிவு தற்செயலாக அமைந்தது. 1969இல் வந்த 'அபே ரோடு' ஆல்பம் 'தி எண்ட்' என்ற பாட்டோடு, ரிங்கோவின் தனி டிரம் வாசிப்பும் மூன்று கிதார்களின் மாறி மாறி வரும் வாசிப்புமாக, கம்பீரமாக முடிந்துவிடுகிறது. சற்று நேர மௌனத்துக்குப் பின் இருபத்து மூன்றே நொடிகளில் 'ஹெர் மெஜஸ்டி' வந்து போகிறது. அந்தப் பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்த குட்டிப் பாடல்களின் கோவை ஒன்று உண்டு; அதன் நடுவிலிருந்து இதை வெட்டி எறியச் சொன்னார் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் பதிவு எதையும் தூக்கிப் போடக்கூடாது என்பது ஸ்டூடியோவின் விதி என்பதால், இளம் உதவிப் பொறியாளர் ஒருவர் அதை நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார், கேட்டவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கோவையில் அதற்கு முன்னால் இருந்த 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்' பாட்டின் கடைசி ஸ்வரக்கோவை அதன் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதன் சொந்தக் கடைசி ஸ்வரமோ காணோம். பலர் இதைக் குறும்பு என்று ரசிக்கிறார்கள். 'தி எண்ட்' சம்பாதித்த கனத்தை இது கரைத்துவிடுகிறது என்றே எனக்கு இன்றும் தோன்றுகிறது.

லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தைப் பொறுத்தவரை எல்லோரும் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'ஸ்டேர்வே டு ஹெவன்' பற்றியே பேசுகிறார்கள். இரண்டாம் பக்கத்தை முடிக்கும் 'வென் த லெவி பிரேக்ஸ்' அதைவிடப் பெரிய பாட்டு என்பேன். 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த புளூஸ் பாட்டு அது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பானமின் டிரம்மை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். கரை உடையப் போகிறது என்ற அச்சத்தைப் பாட்டின் சொற்களுக்கு முன்பே அந்த டிரம் சொல்லிவிடுகிறது. ஏழு நிமிடங்கள் அது வேகம் கூடாமல், தயவு காட்டாமல் நடக்கிறது. இதற்குப் பின் எந்தப் பாட்டை வைத்தாலும் அது சிறுத்துப்போகும்.

இதற்கு நேரெதிர் டோர்ஸ் குழுவின் 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்'. மழை, இடி, ரே மன்சாரெக்கின் மின்பியானோ, ஜிம் மாரிஸனின் பாட்டுக்கு அடியில் அவரே முணுமுணுத்துப் பதிவு செய்த இரண்டாவது குரல். இது முடித்துவைக்கும் 'எல்.ஏ. வுமன்' ஆல்பம் 1971 ஏப்ரலில் வந்தது. ஜூலை 3 அன்று மாரிஸன் பாரிஸில் இறந்தார். அந்த மரணம் பாட்டுக்கு ஏற்றிய கனத்தைப் பிரித்துவிட்டு இன்று யாராலும் இதைக் கேட்க முடியாது, என்னாலும் முடியவில்லை. ஆனாலும் ஓர் ஆல்பம் இடியோசையில் மெல்லக் கரைந்து போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கேட்டதில்லை.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஆல்பம் 2007இல் மறுவெளியீடு கண்டபோது, அந்த மழை ஓய்ந்த பிறகு கூடுதல் பாட்டுகள் இரண்டைச் சேர்த்தார்கள். 1971இல் தி ஹூ குழு வெளியிட்ட 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தில், 'வோண்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' என்ற எட்டரை நிமிட முடிவுப் பாட்டின் இறுதியில் ராஜர் டால்ட்ரி எழுப்பும் அந்த அலறலோடு எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். 1995 பதிப்பில் அதன் பின்னும் பாட்டுகள் வரிசையாக வருகின்றன. அவை மோசமான பாட்டுகள் அல்ல, தனித் தட்டில் கொடுத்திருந்தால் நன்றியோடு வாங்கியிருப்பேன். கைபேசிச் செயலிகளோ ஒரு படி மேலே போய், ஆல்பம் முடிந்த மறுநொடியே தாமாக வேறெதையோ ஓடவிடுகின்றன. அந்த வசதியை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

'ஸார்ஜண்ட் பெப்பர்' தட்டின் பிரிட்டிஷ் பதிப்பில் பியானோ ஓய்ந்த பிறகு, முள் வழக்கமாகச் சும்மா சுற்றும் அந்த உள்வட்டத்திலும் பொருளற்ற பேச்சொலி ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தார்கள். முள் தானாக எழும்பாத கருவியில், யாராவது எழுந்து போய்க் கையால் தூக்கும் வரை அது திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும்.