சுவிஸ் மட்டும் ஏன் பெண்பால்?

ஜெர்மன் ஏ1 (தொடக்கநிலை) வகுப்பில் முதல் வாரமே "இஷ் கோமே ஆவுஸ் இண்டியன்", அதாவது இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிடலாம். நமக்கும் இலங்கைக்காரர்களுக்கும் தொல்லையே இல்லை; பெரும்பாலான நாடுகளுக்கு ஆர்ட்டிகிள் (பெயருக்கு முன்னால் வரும், ஆங்கில 'the' போன்ற சொல்) கிடையாது. பக்கத்தில் இருப்பவர் துருக்கிக்காரர் என்றால்தான் தலைவலி. துருக்கி பெண்பால், டீ துர்க்கை. அங்கிருந்து வருகிறேன் என்றால் அந்த 'டீ' உடனே 'டேர்' ஆகிவிடும். சுவிஸ், உக்ரைன், மங்கோலியா எல்லாம் இதே கதை. ஈராக் ஆண்பால், அதற்கு 'டேம்'. அமெரிக்காவும் நெதர்லாந்தும் பன்மை, அவற்றுக்கு 'டேன்'. இதை நாட்டின் பெயரோடு சேர்த்தே சொல்லித் தரவேண்டாமா? எங்களுக்கு வெறும் பட்டியலைக் கொடுத்து உருப்போடச் சொன்னார்கள். வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது ஆர்ட்டிகிளைக் கேட்டு உயிரை வாங்குகிறார்கள்.

ஊர்ப்பெயர் இன்னும் மோசம். ஜெர்மனில் மிலான் 'மைலாண்ட்', ஜெனீவா 'கென்ஃப்'. பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஜெர்மன் நகரமான ஆஹன் பக்கத்து நெடுஞ்சாலையில் பலகை 'லுட்டிஷ்' என்கிறது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதிக்குள் போனால் அதே ஊர் 'லியேஜ்', டச்சு பேசும் பகுதியில் 'லோய்க்'. புதிதாக வண்டி ஓட்டிப் போகிறவர் எதைப் பார்த்துத் திரும்புவார்? பாடப்புத்தகத்தில் ஒரு வரைபடம் போட்டு, ஜெர்மன் பெயரையும் உள்ளூர்ப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். ஒரே ஒரு பக்கம், அதைக்கூடக் காணோம்.