காய்ச்சலுக்கு 'ஒரு செட்' மாத்திரை கேட்பதற்கு முன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த மருந்துக்கடையில் நின்றாலும் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்ற குரலைக் கேட்கலாம். எத்தனை டிகிரி, எத்தனை நாளாக, யாருக்கு, அவர் எடை என்ன என்ற கேள்விகள் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் எழுவதில்லை. மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் கருத்து. அட்டையிலிருந்து வெட்டி, பெயர் எழுதாத பொட்டலத்தில் தரப்படும் அந்த மூன்று நான்கு மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அவற்றில் ஒன்று அநேகமாகப் பாராசிட்டமாலாகத்தான் இருக்கும். காலையில் வீட்டிலிருந்த 650 மில்லிகிராம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு துறைமுக வேலைக்குப் போனவர், மதியம் இந்தச் செட்டையும் விழுங்கினால், ஒரே மருந்தை அறியாமலே இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். உடல்நலமுள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம்தான். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அதைவிடக் குறைவு.

குழந்தைகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு வயதைவிட எடையே முக்கியம்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லியில் 125 என்று அச்சிட்ட சிரப்பில் அது 6 மில்லி, 250 என்று அச்சிட்டதில் 3 மில்லி, ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் வெறும் ஒன்றரை மில்லி. பக்கத்து வீட்டுக்காரர் "ஒரு மூடி குடுத்தேன், சரியாப் போச்சு" என்று சொல்வதைக் கேட்டுச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால், உள்ளே போவது 500 மில்லிகிராம். எனவே புட்டியின் பெயரை விட்டுவிட்டு, அதில் அச்சிட்டிருக்கும் அளவைப் படியுங்கள். சமையலறைக் கரண்டியை மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் அளக்க வேண்டும். நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கும் ஆயாவின் கணிப்பை நான் கேலி செய்யவில்லை. ஆனால் மருத்துவருக்குத் தேவை எண். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். வியர்வையைத் துடைத்துவிட்டு அக்குளின் நடுவில் முனையை வைத்து, ஒலி வரும் வரை கையை உடலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். அக்குளில் வரும் அளவு வாயில் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், நேரத்தோடு அளந்த இடத்தையும், கொடுத்த மருந்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாயில் அளப்பதானால் டீ குடித்து அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த எண் வந்தால், வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை, உடனே மருத்துவமனைதான்.

மற்ற குழந்தைகளிடம் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. 101 டிகிரியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, 100 டிகிரியில் துவண்டு, குடிக்க மறுத்து, சிறுநீரும் குறைந்துபோன பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். தூங்கும் குழந்தையை மருந்துக்காக மட்டும் எழுப்பாதீர்கள். கம்பளியால் போர்த்துவதும் ஐஸ் தண்ணீரால் துடைப்பதும் இரண்டுமே தவறு. குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கிளப்பி உள்சூட்டை ஏற்றிவிடும். மெல்லிய பருத்தி உடையும், அடிக்கடி கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசலும், கைக்குழந்தையானால் தாய்ப்பாலும் போதும். காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலோ வாயில் கரண்டி திணிப்பதாலோ எந்தப் பயனும் இல்லை, பல் உடையும் அபாயம்தான் மிச்சம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைத்துவிடுங்கள். அதற்குள் நின்றுவிட்டாலும், முதல் முறை வந்த வலிப்பென்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலிநிவாரணிகள் எதையும் தொடாதீர்கள். இரத்தக்கசிவை அவை மோசமாக்கக்கூடும். பெயர் எழுதாத பொட்டலத்தில் இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது; செட் மாத்திரையை நான் எதிர்ப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாத வரையில். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தேங்கிய மழைநீரில் நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடும் வலியும், கண் சிவப்பும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் தண்ணீரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், அதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், தலைதூக்குகிறது. "சூடு விட்டுடுச்சு" என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், அசாதாரண சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நேரமும் அளவும் மருந்தும் எழுதிய அந்தத் தாளோடு ஸ்டான்லிக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.